இரவல் நெஞ்சு

படக்காரர் என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் அவர் வீட்டைக் காட்டுவார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள், பாவம், ஏதோ சினிமாக் கொட்டகையில் வேலை பார்த்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் துணிந்து, அந்தக் காலத்து நடிகைகளை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்றுகூடக் கேட்டுவிட்டார். படக்காரர் இல்லை என்று தலையாட்டிவிட்டு மெல்ல நகர்ந்தார். அவர் சம்பந்தப்பட்டது வேறு படம்.

ஊருக்கு வெளியே ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட் செய்கிற ஆலை ஒன்று இருந்தது. கல்நாரையும் சிமெண்டையும் தண்ணீரில் குழைத்து அலையலையாக ஷீட் வார்ப்பார்கள். கல்நார் சாக்கில் வரும். பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும், அதனால் ஆலையில் அதற்குப் பெயரே பஞ்சுதான். சாக்கைக் கத்தியால் கிழித்து, உதறி, இயந்திரத்தின் வாயில் கொட்டுகிற இடம் பஞ்சுக்கூடம். அங்கே வேலை செய்கிறவர்கள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். கல்யாணமாகாத பையன்களைக்கூட, என்ன தாத்தா, பேரப்பிள்ளைகள் சௌக்கியமா என்று மற்றவர்கள் கிண்டலடிப்பார்கள். அந்தப் பையன்களில் சிலர் நிஜமாகவே தாத்தா ஆகிற வயசு வரை இருக்கப்போவதில்லை என்று அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் ஆபீஸ் மாடியில் இருந்தார்கள், அவர்கள் கீழே இறங்கி வந்து சொல்லவில்லை.

பஞ்சுக்கூடத்துக்காரர்களுக்குச் சம்பளம் போகத் தூசிப்படி என்று தனியாக ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் அந்தப் படிதான் காரணம் என்று படக்காரர் பல நாள் தன் மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறார். மனசு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருக்கு அங்கே வேலை இல்லை. வார்த்த ஷீட்டை நாள் கணக்கில் நனைத்துப் போடுகிற தண்ணீர்க் கொல்லையில் அவர் வேலை. எந்நேரமும் ரப்பர் பூட்ஸும் ஈரமும்தான். காலில் சேற்றுப்புண் வந்ததே தவிர நெஞ்சில் ஒரு தூசு இறங்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு தரம் நெஞ்சை எக்ஸ்ரே படமெடுக்கிற வண்டி ஆலை வாசலில் வந்து நிற்கும். சட்டையைக் கழற்றிவிட்டு, எண் போட்ட பித்தளை டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் போகவேண்டும். வண்டிக்குள் இருக்கிறவர் டோக்கனை வாங்கி எண்ணைப் பதிவார். முகத்தை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. இழுங்க, பிடிங்க, விடுங்க, இவ்வளவுதான் அவர் பேச்சு. படத்தில் நிழல் தட்டினவனைப் பஞ்சுக்கூடத்திலிருந்து எடுத்து வாசல் காவலுக்குப் போட்டுவிடுவார்கள். தூசிப்படி போய்விடும். ஆகவே வண்டி வருகிற வாரம் பஞ்சுக்கூடத்தில் இருமுகிறவன்கூட வாயைப் பொத்திக்கொள்வான். யாரும் நோய்க்குப் பயப்படவில்லை, படத்துக்குத்தான் பயந்தார்கள்.

படக்காரருடைய தங்கை புருஷன் அங்கே சாக்குப் பிரிக்கிறவர். நல்ல உழைப்பாளி, வாய் அதிகம் பேசாதவர். ஒரு வருஷம் வண்டி வருகிற சமயத்தில் அவருக்கு விடாத வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, பூட்ஸ் கயிற்றைக் கட்டுகிற மாதிரி குனிந்துகொள்வார். ஆலையில் எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ்தான், அதற்கு ஏது கயிறு? படக்காரர் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவருக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

தண்ணீர்க் கொல்லைச் சுவரோரம் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பேச்சை எடுத்தார்.

"கேட்ல போட்டா போடட்டும் மச்சான். நாற்காலி குடுத்து உக்கார வெப்பாங்க. கொஞ்சம் நல்லா மூச்சு விட்டுக்கலாம்னு இருக்கு."

படக்காரருக்குச் சுருக்கென்றது. தங்கையை இந்த இடத்தில் பேசி முடித்ததே அவர்தான். ஆலையிலேயே அதிகம் வாங்குகிற கூடத்துக்காரன் என்று சொந்தக்காரர்களிடம் ஒருவர் பாக்கியில்லாமல் பீற்றிக்கொண்டவர். நாளைக்கு அதே சொந்தக்காரர்கள் கேட் வழியாகப் போகும்போது மாப்பிள்ளை எழுந்து சலாம் போடுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"என் தங்கச்சியை வாட்ச்மேன் பொண்டாட்டின்னு சொல்லணுமா மாப்பிள்ளை?" என்றார் சிரித்துக்கொண்டே. "இருமல்தானே, போயிடும். டோக்கனை என்கிட்ட குடுங்க. என் நெஞ்சு சும்மாத்தானே இருக்கு."

மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு பையிலிருந்து டோக்கனை எடுத்துக் கொடுத்தார்.

அன்று படக்காரர் முதலில் தன் டோக்கனோடு ஒரு தரம் வண்டிக்குள் போய் வந்தார். அப்புறம் பஞ்சுக்கூட வாசலில் கிடந்த காலிச் சாக்கில் கையைத் தட்டி, தலையிலும் புருவத்திலும் வெள்ளையைப் பூசிக்கொண்டு மறுபடியும் வரிசையில் நின்றார். வெள்ளைத் தலைகளுக்கு நடுவே இன்னொரு வெள்ளைத் தலை, அவ்வளவுதான். இழுங்க, பிடிங்க, விடுங்க. மாப்பிள்ளையின் படம் பளிச்சென்று வந்தது. மாப்பிள்ளை சாக்குப் பிரிக்கத் திரும்பிப் போனார்.

இந்த மாதிரி விஷயம் எத்தனை நாள் வாய்க்குள் நிற்கும்? அடுத்த வருஷம் இன்னொருவர் வந்து தலையைச் சொறிந்தார். அதற்கடுத்த வருஷம் இன்னும் சிலர். மாப்பிள்ளைக்கோ வருஷா வருஷம் அவரேதான். படக்காரர் யாரிடமும் கையேந்தவில்லை, அதை மட்டும் சொல்லவேண்டும். ஆனால் டீக்கடையில் அவரைக் கண்டதும் பெஞ்சில் இடம் விட்டார்கள். எங்க நெஞ்சு நீங்கதான் என்று தோளில் கை போட்டார்கள். தண்ணீர்க் கொல்லையில் கால் ஊறிக் கிடந்த மனுஷனுக்கு அது தலைக்கு ஏறிவிட்டது. யார் அதிக நேரம் மூச்சுப் பிடிப்பது என்று பந்தயம் வைத்து ஜெயிப்பார். படக்காரர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி அதை அவர் சுமந்துகொண்டு திரிந்தார்.

பிறகு ஆலையை மூடினார்கள். மூடின கொஞ்ச காலத்திலேயே கூடத்துக்காரர்கள் ஒவ்வொருவராகப் படுக்க ஆரம்பித்தார்கள். அவரோடு டீ குடித்தவர்களில் சிலருக்கு அவரே தோள் கொடுத்துச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போய்விட்டு வந்தார். அவர்கள் வீட்டுப் பெண்கள் தெருவில் எதிர்ப்பட்டால் செருப்பு அறுந்த மாதிரி குனிந்துகொள்வார். குனிகிறபோதெல்லாம் அந்த ரப்பர் பூட்ஸ் ஞாபகம் வரும்.

கடைசியில் மாப்பிள்ளையும் படுத்தார். நுரையீரல் முழுக்கக் கல்நார்த் தழும்பு என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துச் சொன்னார்கள். இனி ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் முடியாது. தங்கை வீடு மாடியில், லிப்ட் கிடையாது. சிலிண்டரைத் தோளில் வைத்து மாடிக்கு ஏற்றுகிற வேலையைப் படக்காரர் எடுத்துக்கொண்டார். இந்த வயசிலும் அவருக்கு மூச்சு வாங்காது. வாங்கினால் தேவலை என்று அவருக்கு இருக்கும். வேண்டுமென்றே வாசலில் கொஞ்சம் நின்று, களைத்துப்போன மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவார். மாப்பிள்ளை மூக்குக் குழாயோடு சிரிப்பார்.

"நடிக்காதீங்க மச்சான். நீங்க அதுக்குள்ள எறங்கி இன்னொண்ணு தூக்கிட்டு வருவீங்க."

இழப்பீடு கேட்கலாம் என்று சொன்னது ஒரு வக்கீலம்மா. ஜெராக்ஸ் கடைக்கு மேலே சின்ன அறை, சின்ன வயசு, பேச்சு மட்டும் படபடவென்று இருக்கும். ஆலை போனாலும் ஆலையை நடத்திய கம்பெனி உயிரோடுதான் இருக்கிறது, வேறு எதையோ செய்து நன்றாகவே இருக்கிறது, விடக்கூடாது என்றாள். மனு போட்டாள். கம்பெனி சும்மா இருக்குமா? மாப்பிள்ளையின் வருஷாந்திரப் படங்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து விசாரணை அதிகாரி முன்னால் வைத்தது. ஆலை மூடுகிற வருஷம் வரை நெஞ்சு கண்ணாடி மாதிரி இருந்திருக்கிறது, நோய் அதற்கப்புறம் வெளியே எங்கேயோ வந்தது, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கையை விரித்துவிட்டது.

படங்களின் நகலோடு வக்கீலம்மா அவர்களைக் கூப்பிட்டனுப்பினாள். தங்கையும் படக்காரரும் போனார்கள். அவள் ஒரு படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திக் காட்டினாள். பக்கத்தில் ஆஸ்பத்திரியில் புதிதாக எடுத்த படம். கழுத்துக்குக் கீழே, இடது பக்கத்துக் காறை எலும்பைப் பேனாவால் தொட்டாள்.

"கடைசி சில வருஷத்துப் படம் எல்லாத்துலயும் இந்த எலும்பு உடைஞ்சு கோணலா சேந்திருக்கு பாருங்க. அதுக்கு முந்தின படத்துலயும் புதுசுலயும் நேரா இருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு எப்பவாவது இங்க அடிபட்டுதாம்மா?"

தங்கை படத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இல்லைங்க. அவருக்கு அடிபடலை" என்றாள்.

வக்கீலம்மாவுக்கு வாயெல்லாம் பல். கம்பெனி படத்தை மாற்றி வைத்திருக்கிறது, கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம், இது ஒன்று போதும் என்று குதித்தாள். படக்காரர் தன் சட்டைக் காலரை இழுத்து மேலே விட்டுக்கொண்டார். காலருக்கு அடியில் அந்தக் கோணல் எலும்பு தோலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆலையில் சேர்ந்த புதிதில் ஷீட் அடுக்கு சரிந்து விழுந்து உடைந்தது. அப்போது தங்கைக்குப் பள்ளிக்கூட வயசு. துண்டால் தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டு, காலையில் சட்டை போட்டுவிட்டு, ஒவ்வொரு பட்டனாக மாட்டிவிட்டதெல்லாம் அவள்தான்.

அவர் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கம்பெனி செய்யாத ஒரு திருட்டுக்காக மாட்டிக்கொள்ளும். செய்த திருட்டுக்கு அது சரியாகிவிடும் என்று ஒரு மனசு சொன்னது. சொன்னது நியாயமாகக்கூட இருந்தது. ஆனால் எலும்பு யாருடையது என்று கம்பெனி தேடிக்கொண்டு வந்தால் தங்கை குடும்பமே பொய்யர்களாகி நிற்கும், கேஸ் மண்ணோடு மண்ணாகும். சொல்லிவிட்டாலோ, தங்கை முகத்தில் எப்படி விழிப்பது? இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மாப்பிள்ளையிடம்தான் முதலில் விஷயத்தைச் சொன்னார். தங்கை மருந்து வாங்கப் போயிருந்த நேரம். மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இடையிடையே நின்று நின்று பேசினார்.

"வக்கீலம்மா நெனைக்கிறபடியே விட்ருங்க மச்சான். நான் போயிட்டா... அவளுக்கு நீங்கதான் இருக்கீங்க. அதையும் கெடுத்துக்காதீங்க."

கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் படக்காரருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இந்த மனுஷனுக்கு ஒரு நாற்காலியும் கொஞ்சம் காற்றும் கிடைக்கவிடாமல் செய்துவிட்டு, இப்போது அவரிடமே மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு போகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் தங்கை மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவர் பக்கெட்டிலிருந்து துணியை எடுத்துப் பிழிந்து கொடுத்துக்கொண்டே, பூசி மெழுகாமல், படத்தில் இருக்கிற எலும்பு என்னுடையதுதான் என்றார்.

"தெரியும்" என்றாள் அவள். "அந்த எலும்புக்குக் கட்டுப் போட்டவ நான்தானே. எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன் அண்ணா."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் குரலில் கோபமே இல்லை. மேலே பேசவும் அவள்தான் பேசினாள். எல்லாரும் செய்ததுதானே, அவரும் தூசிப்படிக்கு ஆசைப்பட்டுக் கேட்டிருப்பார், நீங்களும் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் போயிருப்பீர்கள், வக்கீலம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன் என்றாள். அவர் ஒப்புக்கொள்வதற்கு வழியும் போட்டுக்கொடுத்து, வெளியே வருவதற்குக் கதவையும் திறந்து வைத்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், தங்கை தங்கையாகவே இருப்பாள்.

ஈரத் துணி கையில் சொட்டிக்கொண்டிருந்தது. படக்காரர் அதை மறுபடி பிழிந்தார். பிறகு சொன்னார்.

"அவர் கேக்கலைம்மா. அவர் கேட் காவலுக்குப் போறேன்னுதான் சொன்னாரு. கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்னு சொன்னாரு. நான்தான் விடலை. உன்னை வாட்ச்மேன் பொண்டாட்டின்னு சொல்லுவாங்கன்னு நான்தான் டோக்கனை வாங்கிக்கிட்டேன்."

தங்கை கையிலிருந்த போர்வையைக் கொடியில் போட்டாள். ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். கிளிப் மாட்டினாள். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"நான் எப்பவாவது உங்ககிட்ட அப்படிச் சொன்னேனா? வாட்ச்மேன் பொண்டாட்டியா இருக்க மாட்டேன்னு?"

இல்லை என்றார். அவள் காலிப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சண்டை ஒன்றும் இல்லை. அவர் சிலிண்டர் கொண்டுவந்தால் கதவைத் திறப்பாள். டீ கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள். பேச்சுக்குப் பேச்சு அண்ணா என்பவள், அந்தச் சொல்லை மட்டும் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள். சிலிண்டர் வந்தாச்சு, டீ இருக்கு, இவ்வளவுதான். படக்காரர் அந்த டீயை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைப்பார்.

வக்கீலம்மாவிடம் அவர் தனியாகவே போய்ச் சொன்னார். முதலில் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எங்களை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தீர்களே என்று பொரிந்து தள்ளினாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து, வேறு யார் யாருக்கெல்லாம் போனீர்கள் என்று கேட்டாள். அவர் ஒவ்வொருவராகச் சொன்னார். செத்துப்போனவர்களையும் விடாமல் சொன்னார். அவர்கள் குடும்பங்களின் சம்மதம் வாங்கி, அந்தப் படங்களையும் கம்பெனியிடமிருந்து வரவழைத்தாள். ஜன்னலில் ஒட்டி வைத்துப் பார்த்தால், வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு வருஷங்கள், எல்லார் நெஞ்சிலும் ஒரே கோணல் எலும்பு. ஒவ்வொன்றுக்கும் கீழே, பார்த்தேன், ஆரோக்கியமாக இருக்கிறார் என்று ஆலை டாக்டரின் கையெழுத்து.

விசாரணையில் கம்பெனி வக்கீல் விட்டு வைப்பாரா? நீங்கள் செய்தது மோசடிதானே என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். படக்காரர் ஒவ்வொரு தரமும் ஆமாங்க என்றார். உடனே வக்கீலம்மா எழுந்தாள். இந்த மோசடியைப் பிடிக்கப் படத்தை ஒரே ஒரு தரம் பார்த்திருந்தால் போதும், பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், வருஷா வருஷம் வண்டி வந்தது ஊருக்குக் காட்டவா என்று கேட்டாள். விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாட்சியின் நெஞ்சைப் பொது ஆஸ்பத்திரியில் ஒரு படம் எடுத்துக் கொண்டுவாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். எலும்பு பொருந்தினால் மாப்பிள்ளை கேஸ் மட்டுமில்லை, மற்றவர்கள் கேஸும் உறுதியாக நிற்கும் என்று வக்கீலம்மா வெளியே வந்து சொன்னாள்.

படமெடுக்கப் போன அன்று தங்கையும் கூட வந்தாள். ஏன் வந்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியமில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே இருந்த பையன் அவர் பேரைக் கேட்டு, நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, அடையாள அட்டையோடு ஒத்துப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டான். சட்டையைக் கழற்றச் சொன்னான். பலகை நெஞ்சில் சில்லென்று பட்டது. இழுங்க என்றான். படக்காரர் இழுத்தார். காற்று தடையில்லாமல் அடிவரை இறங்கியது. அவ்வளவு காற்று. அங்கே மாடியில் ஒரு மனுஷன் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருக்கிறான்.

படத்தைத் திரையில் பார்த்துவிட்டுப் பையன் சந்தோஷமாகச் சொன்னான். "பழைய முறிவு நல்லாத் தெரியுது, நீங்க கேட்டது வந்துடுச்சு. மத்தபடி நெஞ்சு சுத்தமா இருக்கு அய்யா. இந்த வயசுல இப்படி இருக்கறது அபூர்வம். கவலையே படாதீங்க."

படக்காரர் சட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றார். ஏன் அழுகிறார் என்று அந்தப் பையனுக்குப் புரியவில்லை. நல்ல சேதிதானே சொன்னேன் என்று திரும்பவும் சொன்னான்.

சட்டைக்குள் கையை விட்டபடி அவர் வெளியே வந்தார். தங்கை எழுந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"எலும்பு தெரியுதாம்."

அவள் நகரவில்லை. "நெஞ்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். லேசாக நிழல் இருக்கிறதாம் என்று சொன்னால் அவள் முகம் கொஞ்சம் இளகும். அந்த ஆசை வந்ததற்கே அவருக்கு அவமானமாக இருந்தது.

"சுத்தமா இருக்காம்."

தங்கை தலையை ஆட்டினாள். அவர் சட்டை திறந்து கிடந்ததைப் பார்த்தாள். அவள் கை கொஞ்சம் முன்னால் வந்தது, பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றுவிட்டது.

"பட்டனைப் போட்டுக்கிட்டு வாங்க. அவருக்கு சிலிண்டர் மாத்தணும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.